எண்ணூரிலிருந்து படிக்க வேண்டிய திட்டம்

சென்னை மாநகராட்சி 2023 ஜூன் மாதம் ஒரு நெடுங்காலத் திட்டத்தை வெளியிட்டது. சென்னை காலநிலைச் செயல்திட்டம் என்று பெயர். 2050-க்குள் சென்னையைக் கார்பன் சமநிலை நகரமாக்குவோம் என்கிறது அது. சி40 என்னும் உலகப் பெருநகரங்களின் கூட்டமைப்பு இதற்குத் துணை நின்றிருக்கிறது. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்த் தட்டுப்பாடும், எளிய மக்களின் நலம் என ஆறு தலைப்புகளில் இலக்குகள் வரிசையாக இருக்கின்றன.

இப்படி ஒரு திட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு படகுக்கும் ஹெலிகாப்டருக்கும் கைகாட்டிய ஊர் இது. நான்கே ஆண்டுகளில், 2019-ல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீருக்குக் காத்திருந்ததும் இதே ஊர்தான். இரண்டையும் பட்டு அனுபவித்த நகரம் அடுத்த தலைமுறையைப் பற்றி யோசிக்காமல் காலம் தள்ள முடியாது. போக்குவரத்தில் நூற்றுக்கு எண்பது பயணங்கள் நடந்தோ, சைக்கிளிலோ, பொதுப் போக்குவரத்திலோ நடக்க வேண்டும் என்ற இலக்கு வரை இந்தத் திட்டம் சொல்வதில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடானவை.

ஆனால் திட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அதன் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. 2018-19-ல் சென்னை வெளியேற்றிய பசுங்குடில் வாயுக்களின் அளவு சுமார் 1 கோடியே 44 லட்சம் டன். தலைக்கு 1.9 டன். இதில் ஏறத்தாழ 72 சதவீதம் கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாம் செலவழிக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு மின்சாரம். போக்குவரத்தின் பங்கு 16 சதவீதம், குப்பையின் பங்கு 12 சதவீதம். சாலையில் ஓடும் அத்தனை வண்டிகளையும் நாளைக்கே மின்சாரத்துக்கு மாற்றினாலும், அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்தால், புகை இடம் மாறுமே தவிரப் போகாது. இந்தத் திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் மின்சாரத்தில்தான். ஆகவே இதை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்து படிக்கக் கூடாது, அனல்மின் நிலையங்கள் சூழ்ந்த எண்ணூரில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மின்தொகுப்பில் எந்த யூனிட் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். முப்பந்தல் காற்றும் கமுதி வெயிலும் கல்பாக்கம் அணுவும் கலந்துதான் நம் வீட்டு மீட்டருக்கு வருகின்றன. ஆனாலும் நகரத்தின் வடக்கு ஓரத்தில் நிற்கும் அனல்மின் நிலையங்களைக் கூட்டிப் பாருங்கள். 1990-களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட். இரண்டாம் நிலை 1,200. வல்லூர் 1,500. 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வடசென்னை மூன்றாம் நிலை 800. நான்காயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இந்தப் பகுதி அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு 2001-ல் எண்ணூரில் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. காலநிலைச் செயல்திட்டம் வெளியாகி ஒன்பதே மாதத்தில் மூன்றாம் நிலை வந்தது என்பதையும், 2017-ல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் பக்கத்திலேயே புதிய நிலக்கரி நிலையத்துக்கான கட்டுமானம் எழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கை எழுதியதை இன்னொரு கை அழிப்பது தெரியும்.

உள்நாட்டு நிலக்கரியை நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் பழையவை. வெடிப்பு விட்டு ஒழுகிய சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கிறது. காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் தம் ஃபைபர் படகில் என்னை அங்கே அழைத்துப்போனார். நடு ஆற்றில் படகை நிறுத்திக் கோலை ஊன்றினார். கோல் இடுப்பளவுகூட நனையவில்லை. “எங்கப்பா காலத்துல இங்க ஆள் முழுகும் சார். இப்ப எறங்கி நடக்கலாம்” என்றார். குனிந்து அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். வெளிறிய சாம்பல் நிறம். தண்ணீர் வடிந்ததும் விரலிடுக்கில் விபூதி போல ஒட்டிக்கொண்டது. “இது சேறு இல்ல சார். சேறுன்னா எறா தங்கும். இதுல எது தங்கும்?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார். தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் இன்னும் அதிகம். அவர்களிடம் கடலுக்குப் போகப் படகு கிடையாது.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அனல்மின் நிலையங்கள் நிற்கும் அத்திப்பட்டு, வல்லூர், சாம்பல் குளங்கள் உள்ள செப்பாக்கம் மூன்றும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. மின்சாரம் எல்லையைத் தாண்டி உள்ளே வருகிறது. சாம்பல் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. மாநகராட்சியின் திட்டம் மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கானது. இந்த அனல்மின் உற்பத்தியோ மாநில அரசு நிறுவனங்களிடமும் ஒன்றிய அரசு நிறுவனங்களிடமும் இருக்கிறது. வெளியேற்றக் கணக்கின் அந்த 72 சதவீதத்தில் பெரும்பங்குக்குக் காரணமான துறையில் மேயர் ஒரு சுவிட்சைக்கூட அணைக்க முடியாது. திட்டத்தின் மிகப் பெரிய பள்ளம் இதுதான். இதை மறைக்காமல் பேசினால்தான் மேலே போக முடியும்.

மின்வாரியத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெயில் உச்சத்தில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். மாலை ஏழு மணிக்கு மேல், வீடுகளில் ஏசி ஓடத் தொடங்கும் நேரத்தில், சூரியன் இருக்காது. காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல பருவம். இந்த இடைவெளியைத்தான் நிலக்கரி நிரப்புகிறது. அதற்கு மாற்று உண்டு. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம் ஒன்று. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதற்கான வேலை நடந்துவருகிறது. பேட்டரி இன்னொன்று. காற்றிலும் வெயிலிலும் இருபதாயிரம் மெகாவாட் அளவுக்கு நிறுவிக்காட்டிய மாநிலத்துக்குச் சேமிப்பு எட்டாத காரியம் இல்லை. குந்தா போன்ற வேலைகள் இழுத்தடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணூர் ஆற்றில் இன்னொரு படலம் சாம்பல் ஏறுகிறது என்பதை மட்டும் முடிவெடுப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. மொட்டை மாடியில் நிழலில்லாத நூறு சதுர அடி இருந்தால் ஒரு கிலோவாட் சூரியத் தகடு வைக்கலாம். நாளைக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். மூன்று கிலோவாட் வைக்கும் வீட்டுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தனி வீட்டுக்காரர்களுக்கு இது எளிது. சென்னையில் பாதிப்பேர் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள்போலத் தோன்றும் அளவுக்கு இந்த ஊர் மாறிவிட்டதே, அங்கேதான் சிக்கல். மொட்டை மாடி எல்லோருக்கும் சொந்தம். ஆகவே யாரும் கை வைக்க முடியாது. எங்கள் குடியிருப்புச் சங்கத்திலும் இந்தப் பேச்சு வந்தது. “போல்ட் போட்டா மழைக்கு ஒழுகுமே” என்றார் மேல்தளத்துக்காரர். “நான் வாடகைக்கு இருக்கேன், எனக்கு எதுக்கு?” என்றார் இன்னொருவர். நூறு யூனிட் இலவசம் போக மாதம் சில நூறு ரூபாய் மட்டும் கட்டும் வீட்டுக்கு முதலீடு திரும்பிவரப் பல ஆண்டு ஆகும். இவை மூன்றுமே நியாயமான தடைகள். விழிப்புணர்வுப் பலகை வைத்து இவற்றைத் தீர்க்க முடியாது. பொது மாடியில் விளையும் மின்சாரத்தை எல்லா வீட்டு மீட்டருக்கும் பங்கிட்டுக் கழிக்கும் விதி எளிதாக வேண்டும். ஒழுகல் பயத்துக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்தம் வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் மாநகராட்சி தன் பள்ளிகள், மண்டல அலுவலகங்கள், சமுதாயக் கூடங்களின் மாடிகளில் தகடு போடட்டும். அதற்கு எந்தக் குடியிருப்புச் சங்கத்தின் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

குப்பையிலும் வடசென்னைக்கே புதிய சுமை போகிறது. நகரம் நாள்தோறும் ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேர்க்கிறது. தெற்கே பெருங்குடியிலும் வடக்கே கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாக மலைபோல் குவித்தோம். இரண்டு இடங்களிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலை தொடங்கியிருப்பது நல்ல செய்தி. அதே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கொண்டுவரப் போவதாக அறிவிப்பு வந்த பிறகு, 2025-ல், மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நிற்கிறேன். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் கழிவு; அது எரிவதற்கு உகந்த பொருளே இல்லை. மட்க வைக்கலாம், சாண எரிவாயு போல வாயு எடுக்கலாம். எரிந்து வெப்பம் தருவது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதை எரித்தால் பெட்ரோலியத்தை எரிப்பதற்குச் சமம். காகிதத்தில் இது தூய ஆற்றல் பட்டியலில் சேரலாம். அந்தத் தெருக் குழந்தைகளின் நுரையீரல் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. நிலக்கரிச் சாம்பலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் காற்றையும், மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவையும் சுமந்த பகுதிக்கு இன்னொரு புகைபோக்கி வைப்பதை எந்தக் காலநிலைத் திட்டமும் நியாயப்படுத்தக் கூடாது.

இவ்வளவு பெரிய மாற்றம் இந்த ஊரில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2003-ஐ நினைவூட்டுவேன். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அன்றைய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கெடு விதித்தது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றது. சென்னை முழுக்கக் கொத்தனாருக்குக் கிராக்கி வந்தது. தெருத்தெருவாக மாடிக் குழாய்கள் கிணற்றுக்கும் தொட்டிக்கும் திரும்பின. அடுத்தடுத்த நல்ல மழைகளில் நிலத்தடி நீர் மேலேறியதை வீட்டுக் கிணறு வைத்திருந்த அனைவரும் கண்ணால் பார்த்தார்கள். நீண்டகால நன்மைக்காக ஒரு நகரத்தையே ஓர் ஆண்டுக்குள் வேலை செய்யவைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. பின்னர் யாரும் வந்து பார்க்கவில்லை. தொட்டிகளில் மணல் அடைத்தது, குழாய்கள் உடைந்தன, 2019 வந்தது. இதுவும் அதே கதையின் பாடம். கெடு ஒரு திட்டத்தைத் தொடங்கிவைக்கும். ஆண்டுதோறும் கணக்குக் கேட்டால்தான் அது நிலைக்கும்.

நம்பிக்கை தரும் தொடக்கமும் ஒன்று உண்டு. 2025 ஜூன் 30 அன்று வடசென்னையின் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. இத்தனை காலம் புகையை மட்டுமே முதலில் வாங்கிக்கொண்ட வடசென்னைக்குப் புகையில்லாத வண்டி முதலில் போனது எனக்கு நிறைவாக இருந்தது. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பேருந்து அது. தூய ஆற்றல் என்றால் யாருக்கு முதலில் என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைத்த அபூர்வமான தருணம். மற்ற இலக்குகளும் இந்த வரிசையில் நடக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. காலநிலைச் செயல்திட்டத்தின் வரைவு முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. மக்கள் கேட்ட பிறகுதான் தமிழில் கிடைத்தது. இனி ஆண்டுதோறும் எந்த இலக்கு எவ்வளவு நிறைவேறியது, எந்த அதிகாரி பொறுப்பு என்ற அறிக்கை தமிழில், வார்டு வாரியாக வர வேண்டும். மாநில அரசு மாநகராட்சியோடு உட்கார்ந்து, வடசென்னையின் பழைய நிலக்கரி அலகுகளை எந்த ஆண்டு மூடுவது என்று தேதி குறிக்க வேண்டும். 1990-களின் முதல் நிலை அலகுகளில் தொடங்கலாம். எண்ணூர் கழிமுகத்தில் படிந்த சாம்பலை அள்ளி ஆற்றின் ஆழத்தை மீட்பதை, எல்லைக்கு வெளியே என்று ஒதுக்காமல், இந்தத் திட்டத்தின் பகுதியாகவே சேர்க்க வேண்டும்.

வார்டுக் குழுவும் பகுதி சபையும் கூட்ட 2022-லேயே விதிகள் வந்துவிட்டன. உங்கள் பகுதி சபை கூடும்போது தெருவிளக்கையும் கால்வாய் அடைப்பையும் கேளுங்கள், அவை உங்கள் உரிமை. கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் இதையே கேளுங்கள், நீங்கள் அண்ணா நகரிலோ அடையாறிலோ இருந்தாலும். நம் வீட்டு ஏசி ஓடுவதற்கான விலையை இத்தனை ஆண்டு வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசும் கடமை நமக்குத்தான் முதலில் இருக்கிறது.