புளியமரம் எங்கடா, தம்பி?



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் ஓடுபவர்களைப் பழையபடி பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்!

போன மாசி மகம் முடிந்த வாரம் நடந்தது இது. என் அக்காவுக்கு வயது 78. மூன்று வருடமாக டிமென்ஷியா என்னும் மறதி நோய். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. ஆனால் சாயங்காலம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குத் தனியாகப் போய்த் திரும்பிவிடுவார். புளியமரம் வந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரம் போய்விட்டது. அன்று அக்கா திரும்பவேயில்லை. நேராக நடந்துகொண்டே இருந்தார். பெண்ணாடம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பார்த்திருக்கிறான். "யார் நீங்க, எந்தத் தெரு?" என்று துளைக்கவில்லை. "வாங்க அத்தை, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்து, எனக்குப் போன் செய்தான். நான் போய் நின்றதும் அக்கா கேட்ட ஒரே கேள்வி: "புளியமரம் எங்கடா, தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா வழியைச் சரியாகத்தான் வைத்திருந்தார். அடையாளத்தை எடுத்தது நாம்.

இந்த நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகள்தான் முதலில் போகின்றன. பழைய நினைவும் கால்பழக்கமும் நெடுநாள் நிற்கும். அதனால் மரம், கிணறு, தேரடி, மணிக்கூண்டு எல்லாம் இவர்களுக்கு வெறும் அலங்காரம் இல்லை, கைத்தடி. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. 100 பேரில் 7 பேர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் இவர்களுக்காகவே ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள். தெரு, கடை, உணவகம் எல்லாம் உள்ளேயே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் பெரும் பணம் போட்டுக் கட்டியது ஒரு சின்ன ஊரை. நம்மிடம் ஊர் ஏற்கெனவே இருக்கிறது. தெரிந்த முகம், டீக்கடை, திண்ணை எல்லாம் இருந்தன. திண்ணையை இடித்தோம்; மரத்தை வெட்டினோம். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்பதே என் கருத்து.

சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களில் கொத்தனார், காண்டிராக்டர், நகராட்சி ஊழியர், பஸ் ஓட்டுநர், போலீஸ்காரர் எல்லாரும் இருக்கிறீர்கள். உங்களுக்கான வீட்டுப்பாடம் இதுதான்:

மரத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதே முனையில் கண்ணில் படும்படி வேறொரு அடையாளம் வையுங்கள். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிறார்கள். தெருமுனைக்கு ஒரு மயில், ஒரு தாமரை, ஒரு யானை என்று பீங்கான் பலகை பதித்தால் படிக்கத் தெரியாதவருக்கும் வழி தெரியும்.

நிழலும் சாய்மானமும் உள்ள பெஞ்சு போடுங்கள். பளபளக்கும் தரை வேண்டாம். அது அவர்கள் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியும். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும். கழிப்பறையில் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கோப்பை என்று வைத்தால் எங்கே உட்காருவது என்றே தெரியாமல் தடுமாறுவார்கள். சுவருக்கு வேறு நிறம் கொடுங்கள். கதவில் படம் ஒட்டுங்கள்.

கடைசியாக, வாயிலும் ஒரு திருத்தம். ஜப்பானில் இந்த நோய்க்கு இருந்த பழைய பெயர் இழிவாக இருக்கிறது என்று 2004இல் மாற்றினார்கள். அடுத்த ஆண்டே கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். நாம் இன்னும் "கிழத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு" என்கிறோம். அந்தச் சொல்லை விட்டால் குடும்பங்கள் ஒளித்து வைக்க மாட்டார்கள். வெளியே தெரிந்தால்தான் பஞ்சர் கடைக்காரனும் உதவ முடியும்.

அந்த மாணவன் என் கணக்கு வகுப்பில் ஒருமுறைகூடப் பாஸ் ஆனதில்லை. அன்று அவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

அந்த முனையில் ஒரு புளியங்கன்று நட இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அது வளர்ந்து நிற்கும்வரை அக்கா இருப்பாரா, தெரியாது. எனக்கும் 71 ஆகிறது. எனக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மண்வெட்டியோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
திட்டக்குடி