தோல் உரிந்தால் எலும்பை மாற்றுவதா?

"அடிபட்ட அலாய் ஆளைக் கொல்லும்! இன்றே மாற்றுங்கள்!"

மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, கீழே ஒரு மண்டை ஓடு. வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வழியில் ஒரு டயர்க் கடை வாசலில் நிற்கிறது இந்தப் பலகை. ஆறேழு வருடமாகப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன். மோனை அமைந்துவிட்டால் நம் ஊரில் பொய்க்கும் கால் முளைத்துவிடும். இந்த ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதக் கூட்டம் ஒன்றில் ஒருவர் மைக்கைப் பிடித்து அதே வரியை முழங்கினார். கைதட்டல் வேறு. இனிமேல் சும்மா இருந்தால் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு.

காரின் அலாய் சக்கரத்தைப் பழுதுபார்க்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்கிறவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: கீறல் விழுந்தால் பலம் போச்சு. நடைபாதைக் கல்லில் உரசி விளிம்பில் கொஞ்சம் தேய்ந்ததற்கே சக்கரம் உடையும் என்றால், புதுச் சக்கரத்தின் முகத்தைக் கடைசல் எந்திரத்தில் சீவி, 'டைமண்ட் கட்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறவர்களை முதலில் உள்ளே போட வேண்டும்.

இரண்டு: பெயின்ட் அடித்துச் சூடேற்றினால் உலோகம் இளகிவிடும். காரோடு வரும் வார்ப்புச் சக்கரங்கள் பெரும்பாலும் ஏ356 என்ற கலவை. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், துளி மக்னீசியம். வார்த்தபின் சுமார் 540 டிகிரியில் சில மணி நேரம் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மறுபடி 150 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் வைத்துப் பதமாக்குகிறார்கள். இதற்கு டி6 என்று பெயர். இத்தனைக்கும் பிறகு அதே ஆலையில்தான் பவுடர் கோட்டிங் பூசி, 180, 200 டிகிரி அடுப்பில் கால் மணி நேரம் சுட்டு வெளியே அனுப்புகிறார்கள். ஆலை அடுப்பில் இளகாதது பட்டறை அடுப்பில் மட்டும் இளகுமா? சாதாரண ஸ்பிரே பெயின்ட் காய 60 டிகிரி போதும். பழைய பெயின்டை எரித்தெடுக்க 400 டிகிரிக்கு மேல் போடுகிற கிறுக்கன் சக்கரத்தைக் கெடுப்பான், சரி. ஒரு சமையல்காரன் சோற்றைத் தீய்த்தான் என்று ஊரே உலை வைக்காமல் இருக்கிறதா?

மூன்றாவதுதான் எனக்குக் கொதிக்கிற இடம்: "கடல் காத்து தின்ன அலாய் அவ்வளவுதான்."

கடைப் பையன் என்னிடமே சொன்னான்: "உள்ளுக்குள்ள அரிச்சிட்டு அண்ணாச்சி. இதெல்லாம் ரிப்பேர் ஆவாது. உயிரோட விளையாடாதிய." பத்து வருடக் கார். கம்பெனி போட்டுக் கொடுத்த அதே சக்கரங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று இறங்கும். டயரில் ஆணி இல்லை, வால்வில் கசிவு இல்லை. ஆகவே அலாய் செத்துவிட்டது என்று தீர்ப்பு. நாடி பார்க்காமலே பாடை கட்டுகிற வைத்தியம்.

வேம்பாரில் பிறந்தவனிடம் உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். கொண்டல் காற்று அடித்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி நாக்கில் கரிக்கும். தெற்கே வேப்பலோடை, தருவைக்குளம் பக்கம் போனால் சாலையோரமே உப்பளம். இங்கே எது எப்படி அரிக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு பிடிப்பதில்லை. காற்றுப் பட்டதும் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொண்டு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைத்தான் துளைக்கிறது. எந்த இடத்தில்? கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தில், பேலன்ஸ் பார்க்க அடித்த இரும்பு எடை விளிம்பைக் கவ்விய இடத்தில், டைமண்ட் கட்டின் கூர்முனையில் வார்னிஷ் மெலிந்த இடத்தில். அங்கே நுழைந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளை வெள்ளையாகப் படரும். பார்க்க அருவருப்புதான். ஆனால் தின்னப்படுவது பெரும்பாலும் மேல்தோல். டயர் வந்து உட்காரும் வளையத்தில் அந்த வெள்ளைப் பொடி சேர்ந்தால் ரப்பர் சரியாகப் படியாது, காற்று நூலிழையாகக் கசியும். என் சக்கரத்தின் 'மரணம்' இவ்வளவுதான்.

வேறொரு பட்டறையில் டயரைக் கழற்றி அந்த வளையத்தைத் தேய்த்தார்கள். இரும்புக் கம்பி பிரஷ் இல்லை. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அரிப்புக்கு அதுவே வித்து. காஸ்டிக் சோடாவும் இல்லை. அது பெயின்டோடு அலுமினியத்தையும் கரைத்துவிடும். பெயின்ட் ரிமூவர் போட்டு உரித்து, நல்ல தண்ணீரில் அலசி, உப்புத்தாளை 220-இல் தொடங்கி 400 வரை ஏற்றி, எப்பாக்சி பிரைமர், நிறம், கிளியர் கோட். நட்டு உட்காரும் குழியிலும் ஹப்பில் பொருந்தும் முகத்திலும் பெயின்ட் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கே பூச்சு தடித்தால் ஓட ஓட நட்டு தளரும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து நட்டை மறுபடி முறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குப் பிறகு காற்று இறங்கவில்லை.

ஒரு பேச்சுக்குப் புதுச் சக்கரமே போடுகிறேன். கொண்டல் அதை விட்டுவிடுமா? சக்கரத்தை மாற்றலாம், வேம்பாரின் காற்றை எந்தக் கடையில் மாற்றுவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, சுரண்டி, பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்ட் உரிந்ததற்காகப் படகைக் கொளுத்திவிட்டு வேறு படகு வாங்கியவனை இந்தக் கரையில் யாராவது பார்த்ததுண்டா?

நான்கு: புதுசுதான் பாதுகாப்பு. எந்தப் புதுசு? கார் கம்பெனியின் சக்கரம் அந்தக் காருக்கென்றே வடிவமைத்தது. பாரமேற்றிச் சுழற்றியும், 13 டிகிரி சாய்த்து வைத்து எடையை விழவிட்டும் சோதிக்கப்பட்டது. கடைக்காரர் மாட்டும் பளபளப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? பின்பக்கத்து ஆஃப்செட் எண் பழையதோடு ஒத்துப்போகிறதா? ஸ்விஃப்ட் காரின் ஹப் 54.1 மில்லிமீட்டர். எல்லாக் காருக்கும் சேரட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக விட்ட சக்கரத்தை, பிளாஸ்டிக் வளையம் செருகி அதில் உட்காரவைக்கிறார்கள். செருப்புப் பெரிதென்று பஞ்சு அடைத்துக்கொள்வதுபோல. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

விரிசல் விட்டால்? ஆரக்கால் உடைந்தால்? தூக்கிப் போடுங்கள், அதில் வெல்டிங் வைக்கச் சொல்ல நான் யார்? நூற்றில் ஒன்றுக்கு வருவதைக் காட்டி மிச்சத்தையும் கழற்ற வைப்பதுதான் வியாபாரம்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். பலகையின் ஓரமெல்லாம் உப்புக் காற்றில் அரித்து, மண்டை ஓட்டின் தாடை உதிர்ந்திருந்தது. ஏணி போட்டு ஏறிய ஒருவர் உப்புத்தாளால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கீழே பிரைமர் டப்பாவும் சிவப்புப் பெயின்டும் தயாராக இருந்தன.

தகரத்தை மாற்றவில்லை.