ஆண் பிள்ளைக்கும் தொண்டை உண்டு

சென்ற ஆண்டு நம் சங்கத் தோழர் ஒருவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எலுமிச்சம்பழ அளவு. வலியில்லை, வலியில்லாததாலேயே நான்கு மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. நெறி கட்டியிருக்கிறது என்றார் ஒருவர். சுண்ணாம்பு தடவு என்றார் இன்னொருவர். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சதையெடுத்துப் பார்த்தார்கள். தொண்டைக்குள் டான்சிலில் புற்று. கழுத்துக் கட்டி அதன் பரவல். பீடி தொடாதவர், மாவா மெல்லாதவர், குடிக்காதவர். எனக்கு எதனால் வந்தது என்று கேட்டிருக்கிறார். ஹெச்.பி.வி. என்னும் வைரஸால் என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஒரு சொல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நம் குடியிருப்புக்கு வந்து சேர்வதற்குள் 'கெட்ட நோய்' ஆகிவிட்டது! குழாயடியில் அவருடைய துணைவியாரின் குடத்தைக் கண்டதும் மற்றக் குடங்கள் விலகின. தேநீர்க் கடையில் அவருக்குத் தனி டம்ளர்! தனிக் குவளை முறையை ஒழித்துக் கட்டுவோம் என்று ஆண்டுதோறும் மேடை போட்டு முழங்குகிற நாம், நமக்குள்ளேயே ஒருவருக்குத் தனிக் குவளை வைத்துவிட்டோம். வெட்கப்பட வேண்டியவர் அவரா, நாமா?

தோழர்களே, தாய்மார்களே, இந்த வைரஸைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசியாக வேண்டும். இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16ஆம் எண் வகையைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் கண்டுபிடித்து 1983இல் வெளியிட்டது ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே 16ஆம் வகைதான் டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்றை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான சான்றை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மௌரா கில்லிசனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். ஆக, பெண்ணின் கருவாயில் புற்றை உண்டாக்குவதும் ஆணின் தொண்டையில் புற்றை உண்டாக்குவதும் ஒரே வைரஸ்.

நெருக்கமான உடலுறவில், வாய்வழி உறவிலும் இது தொற்றுகிறது. ஒரே டம்ளரில் குடிப்பதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இந்தப் புற்று வருவதில்லை. இல்லறம் நடத்துகிற ஆண் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றி, ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் டான்சிலின் மடிப்புகளில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்துப் புற்றாகிறது. எந்த வயதில் வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. டாக்டரே சொல்ல முடியாததைக் குழாயடி எப்படிச் சொல்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை. "பார்த்தீர்களா, புகையிலை இல்லாமலே புற்று வருகிறது" என்று பொட்டலம் விற்பவன் நாளையே பேசுவான். நம்பாதீர்கள்! நம் நாட்டில் வாய்ப்புற்றுக்கும் தொண்டைப் புற்றுக்கும் முதல் குற்றவாளி இன்றும் புகையிலைதான். கூட்டாளிகள் பாக்கும் சாராயமும். மராட்டிய அரசு குட்காவைத் தடை செய்தது 2012இல். தடையும் இருக்கிறது, பொட்டலமும் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவன் பசியையும் தூக்கத்தையும் அடக்க மெல்லுகிறான். அவனிடம் சம்பாதிப்பவன் மெல்லுவதில்லை. அந்தச் சண்டையை நாம் விட்டுவிடவில்லை. இது அதனுடன் சேர்ந்த இன்னொரு சண்டை.

என்ன சண்டை? இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2006 முதல் உலகில் இருக்கிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்று 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் கணக்கு வந்தது. ஆஸ்திரேலியா 2013 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் அரசுச் செலவில் போடுகிறது. இங்கிலாந்து 2019 முதல். நம் நாட்டிலோ 2024 பிப்ரவரியில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தது 9 முதல் 14 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு ஊக்கம் என்று. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் சொன்னது 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு என்று. ஆண் பிள்ளை எங்கே?

பெண்களுக்கு முதலிடம் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் சாகிற நாடு இது. மருந்து குறைவாக இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில். ஆனால் 'முதலில்' என்பது 'மட்டும்' என்று ஆவதைத்தான் கேட்கிறோம். கருவாயைச் சோதித்துப் புற்று வருமுன்பே கண்டுபிடிக்க வழியுண்டு. தொண்டைக்கு அப்படி ஒரு சோதனையே இல்லை; கட்டி தெரிந்த பிறகுதான் தெரியும். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுக் கணக்கில், இந்த வைரஸால் வரும் புற்றுகளில் தொண்டைப் புற்று கர்ப்பப்பை வாய்ப் புற்றையே முந்திவிட்டது. அதில் பெரும்பாலோர் ஆண்கள். தொண்டைப் புற்றைத் தடுக்கவும் இந்த ஊசி என்று அந்நாட்டு மருந்துத் துறை 2020இல் சேர்த்து எழுதியது. வசதியுள்ளவன் மகனை அழைத்துப் போய்க் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறான். புனேயில் தயாராகும் ஊசி 2023இல் கடைக்கு வந்தபோது ஒரு தவணை 2,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் உள்ள கொத்தனார் எங்கே போவார்?

இனி ஊசியென்றாலே பயப்படுகிறவர்களுக்கு. உங்கள் பயம் மூடத்தனம் அல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஓர் அமெரிக்க நிறுவனம் ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்! ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த நிறுவனத்தையும் அதற்குத் துணைபோன அதிகாரிகளையும் கடுமையாகச் சாடியது. ஒரு பிள்ளை நீரில் மூழ்கி, ஒரு பிள்ளை பாம்பு கடித்து என்று சாவுக்கு வேறு வேறு காரணங்கள். ஊசியால் இறந்தார்கள் என்று விசாரணை காணவில்லை. ஆனால் ஏழையின் பிள்ளைக்கு எவனோ கையெழுத்திடலாம் என்ற திமிர், அது மட்டும் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று.

அந்தத் திமிரை எதிர்த்துப் போராடுவது ஒன்று. அதைக் காட்டி ஊசியையே விரட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் இழப்பு அந்த நிறுவனத்துக்கா? நம் பிள்ளைகளுக்கு!

இன்னொன்றும் கேளுங்கள். அதே 2010இல் வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. மராட்டியத்தின் பார்சி, திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்படப் பல ஊர்களில் 17,000க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். நின்றுபோனதால், 5,000ஐ நெருங்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்தது. பத்தாண்டு அவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, அந்த ஒரு தவணையே 16, 18 வகைகளை ஏறக்குறைய இரண்டு மூன்று தவணைகளைப் போலவே தடுப்பது தெரிந்தது. ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதற்கு இந்தப் பிள்ளைகளின் கணக்கும் ஒரு காரணம். ஒரு தவணை போதுமென்றால் செலவும் குறைகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளின் கையில் குத்திக் கற்ற பாடம் இது. அதன் பலனில் நம் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று சொல்ல எவனுக்கு உரிமை?

ஆகவே கேட்போம். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். தாயோ தந்தையோ படித்துப் பார்த்து, படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. பள்ளிக்கூடப் பெயர்ப் பட்டியலோடு நிறுத்தக் கூடாது. இந்த ஆண்டு இங்கே, அடுத்த ஆண்டு வேறு மாநிலத்தில் என்று தகப்பனின் வேலைக்குப் பின்னால் அலைகிற பிள்ளை எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. கட்டடம் எழும்புகிற இடத்துக்கே வர வேண்டும். மகனுக்கும் போட வேண்டும். வார்டு அலுவலகத்தில் கொடுக்க மனு எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வந்து பெயரை எழுதுங்கள். கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம், ஒரு பக்கக் காதுவலி, எச்சிலில் இரத்தம், இவற்றில் எது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் சுண்ணாம்பை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூட வர ஆளில்லையென்றால் சங்கம் ஆள் அனுப்பும்.

நம் தோழர் கதிர்வீச்சு முடித்து வேலைக்குத் திரும்பிவிட்டார். இந்த வைரஸால் வருகிற தொண்டைப் புற்று, புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் அதே கடையில்தான் தேநீர் குடிக்கிறார். அவருடைய டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. கடையின் பெயரை இந்த இதழில் அச்சிடவில்லை. அடுத்த இதழ் வரை பொறுத்துப் பார்க்கிறோம்.