35 நாள் பெஞ்ச், 225 நாள் பில்லிங்: ஐடி வேலையில் இனி உங்க கணக்கை யார் பார்ப்பது?

ஐடி கம்பெனியில் சேர்ந்துவிட்டால் அடுத்த ப்ராஜெக்ட்டை அவர்களே பார்த்துக் கொடுப்பார்கள். ஒன்று முடிந்தால் கொஞ்ச நாள் பெஞ்ச், அப்புறம் இன்னொன்று. சென்னை ஓஎம்ஆரில் 15 வருஷமாக வேலை பார்க்கும் பலர் இந்த நம்பிக்கையில்தான் வீட்டுக் கடனே வாங்கினார்கள். 2025-ல் அது ஆட்டம் கண்டது.

என்ன நடந்தது?

2025 ஜூன் 12 முதல் டிசிஎஸ் புதிய பெஞ்ச் விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊழியரும் வருஷத்துக்கு குறைந்தது 225 நாள், கிளையன்ட்டிடம் பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் இல்லாமல் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு 5 நாள் என்றால் 52 வாரத்துக்கு 260 வேலை நாள். அதில் 225 போனால் மிச்சம் அந்த 35 தான். முக்கியமான வரி இன்னொன்று: அடுத்த ப்ராஜெக்ட்டை ஊழியரே முன்வந்து தேட வேண்டும்.

அடுத்த மாதமே, மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோர் குறைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு வந்தது. பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலை ஊழியர்கள். ஜூன் இறுதியில் 6,13,069 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை, செப்டம்பர் இறுதியில் 5,93,314 ஆனது. இதில் தாங்களாகவே வேலையை விட்டவர்களும் உண்டு.

ஏஐ தான் காரணமா?

இல்லை என்றார் தலைமைச் செயல் அதிகாரி கே.கிருத்திவாசன். திறன் பொருந்தாததும், சிலரை ப்ராஜெக்ட்டில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்பது அவர் விளக்கம். வேலை போனவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனா வேலையில் இருப்பவருக்கு இந்தப் பதில் ஒரு துப்பு. டீமைக் கவனிப்பது, ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்புவது, கால்களில் உட்காருவது என்று மட்டுமே நாள் போகிறது என்றால், அதுக்கு கிளையன்ட் எவ்வளவு நாளைக்குப் பணம் கொடுப்பார்?

அப்போ என்ன செய்யலாம்?

இந்த வருஷம் எத்தனை நாள் பில் ஆனீர்கள் என்று நீங்களே எழுதி வையுங்கள். ப்ராஜெக்ட் முடிய 2 மாதம் இருக்கும்போதே உள்ளே விசாரிக்கத் தொடங்குங்கள். பெஞ்சுக்கு வந்தபிறகு தேடினால் 35 நாள் சீக்கிரம் கரைந்துவிடும். மேனேஜர் ஆனபின் கோடிங்கைத் தொடவே இல்லை என்றால், ஏதாவது ஒரு சின்ன மாட்யூலையாவது உங்க கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் சான்றிதழ் பத்து வாங்கி அடுக்குவதைவிட இன்டர்வியூவில் அது அதிகம் பேசும்.

ராஜினாமா கடிதம் கேட்டால்?

அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். கடிதம் கொடுத்துவிட்டால் ரெக்கார்டில் நீங்களாகப் போனதாகத்தான் இருக்கும், பிறகு அதை மாற்றுவது கஷ்டம். நோட்டீஸ் கால சம்பளம், அனுபவச் சான்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ராஜினாமாவோ பணிநீக்கமோ, பாக்கி ஊதியத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பலர் மறப்பது இன்ஷூரன்ஸை. வேலை போனால் கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும், அதில் சேர்த்திருந்த அம்மா, அப்பாவுக்கும் சேர்த்துத்தான். தனியாக பாலிசி எடுத்தால், ஏற்கனவே உள்ள நோய்களுக்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். சம்பளம் வரும்போதே எடுத்துவிட்டால் அந்த 3 வருஷம் இப்போதே ஓடத் தொடங்கிவிடும்.