விளக்கை அணைக்காதீர்!

தோழரே!

கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து கடற்கரையைப் பற்றி எழுதுகிறேன். தருமபுரிக்காரனுக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்பீர். உறவு உண்டு! ஒகேனக்கல்லில் பாறைகளில் மோதிப் புகையெனச் சிதறும் காவிரி, மேட்டூரில் தங்கி, தஞ்சைத் தரணியை வாழ்வித்து, பூம்புகாரில் கடலைச் சேர்கிறாள். அவள் கடலை நாடிப் போகிறாள். எங்கள் இளைஞரோ பிழைப்பை நாடி, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகின்றனர்.

அத்தகைய இளைஞன் ஒருவனை அண்மையில் மெரினாவில், மாலை மயங்கும் வேளையில் கண்டேன். பாலக்கோடு பக்கத்தவன். தள்ளுவண்டி, கரி அடுப்பு, அதன்மீது மக்காச்சோளக் கதிர், மூலையில் ஒரு சிறு விளக்கு. அவன் உடைமை அவ்வளவே! கதிரைச் சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்து நீட்டினான். "வியாபாரம் எப்படித் தம்பி?" என்றேன்.

"வியாபாரம் இருக்குதுங்கண்ணா. நாளைக்கும் இதே எடத்துல நிப்பனான்னுதான் தெரியல" என்றான்.

அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

மெரினாவின் நடைபாதை 1884-ஆம் ஆண்டு ஆளுநர் கிராண்ட் டப் அமைத்தது. பெயரையும் அவரே சூட்டினார். ஆனால், ஆளவந்தோர் காற்று வாங்கிய கரையை மக்கள் மன்றமாக்கியவர் யார்? 1923 மே முதல் நாளன்று, இந்தியாவின் முதல் மே நாளை அக்கடற்கரையில் கொண்டாடினார் சிங்காரவேலர். 1959-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அங்கே எழுந்தது. 2017 சனவரியில், ஏறு தழுவும் உரிமை கேட்டு இளைஞர் கடல் அங்கே பொங்கிற்று. நாடகக்காரன் நான், அரங்கத்தின் அருமை அறிவேன். நுழைவுச் சீட்டு இல்லை, முன்வரிசை பின்வரிசை இல்லை. மாளிகைவாசியும் மண்சுமப்பவரும் ஒரே மணலில் அமரும் அரங்கம் அது! அங்கே பசித்த பிள்ளைக்குச் சுண்டல் தருபவனும், ஏழைத் தந்தைக்கு எட்டிய விலையில் பஞ்சு மிட்டாய் தருபவனும் அரங்கத்தின் அழுக்குகளா? இல்லை, தோழரே! அவர்களே அரங்கத்தின் விளக்குகள்!

இதை நான் சொல்லவில்லை, இளங்கோ சொல்கிறார். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை எண்ணிக் காட்டுகிறார். சந்தனமும் மலரும் விற்போர் விளக்கு, பிட்டு வாணிகர் விளக்கு, அப்ப வாணிகர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, பரதவர் படகின் விளக்கு. கலங்கரை விளக்கத்தையும் அதே வரிசையில்தான் வைக்கிறார்! சேர நாட்டுத் துறவியின் கண்ணுக்கு அப்பம் விற்பவரின் ஒளி, கரையின் அழகாகத் தெரிந்தது. அழகுபடுத்தக் கிளம்பும் இன்றைய கண்களுக்கு மட்டும் அது ஏன் ஆக்கிரமிப்பாகத் தெரிகிறது?

தூய்மை வேண்டாமா, நடக்க வழி வேண்டாமா என்பர். வேண்டும்! வண்டிகள் வரிசையில் நிற்கட்டும். குப்பைக்குத் தொட்டி வரட்டும். ஒழுங்கு வேறு, ஒழிப்பு வேறு! 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரு பங்கேனும், வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் அமர வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. பிச்சையன்று தோழரே, உரிமை! ஆனால் அந்த உரிமை, கதிர் சுட்ட தம்பியின் காதுக்கு எட்டவில்லையே! அது யார் குற்றம்? மேடைதோறும் முழங்கும் என் போன்றோர் குற்றமும் அன்றோ?

ஆகவே, சென்னையில் உள்ளீராயின் கடற்கரைக்குச் செல்லுங்கள்; சொற்பொழிவாற்ற அல்ல, செவி கொடுக்க. தருமபுரியில் உள்ளீராயின் பேருந்து நிலையத்துப் பூக்காரியிடம் கேளுங்கள்: "சான்று வந்ததா, அம்மா? குழுவில் உங்களுக்காகப் பேசுவது யார்?" விடை இல்லையெனில், அன்றே தொடங்கட்டும் உங்கள் பணி.

கலங்கரை விளக்கம் கப்பலுக்கு வழி காட்டும். கதிர் வண்டியின் சிறு விளக்கோ, பாலக்கோட்டுச் சிற்றூர் ஒன்றில் அடுப்பு எரிய வைக்கிறது. அதை அணைய விடலாமா?