தேய்ந்த பேட்டைத் தூக்கி எறியாதீங்க!

“முன் இடது பக்கம் நல்லா தேஞ்சு போச்சு. புதுசு போட்டாச்சு, இனிப் பயமில்ல.”

நம்ம பக்கத்துக் கராஜ்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. காசு கைமாறும், வாகனம் கிளம்பிவிடும், பழைய பேட் குப்பைக்குப் போகும். ஏன் இடது பக்கம் மட்டும் தேய்ந்தது? அதை பாஸும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புது பேட் போட்டால், அது பிரேக் திருத்தியதாக ஆகாது. நோயை விட்டுவிட்டு மருந்துச் சீட்டை மாற்றுவது போலத்தான்.

இதைக் கொழும்புக்காரர்களை விட நாம்தான் கூடுதலாகப் பேச வேண்டும். தெரணியகல, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை எங்கே எடுத்தாலும், தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போவதென்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். இறக்குவானையிலிருந்து தெனியாய பக்கம் புலுதொட்ட வளைவுகளில் போனவர்களுக்கு, பிரேக்கை நம்பி உயிரை வைப்பது என்றால் என்னவென்று தெரியும். பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றும் வானும், இரவில் பிரசவ வலி வந்தவளைக் கொண்டு ஓடும் காரும் இதே ரோட்டில்தான் இறங்குகின்றன.

சரி, தேய்ந்த பேட் என்ன சொல்கிறது?

அநேகமான கார்களின் முன்சக்கரத்தில் ஒரு டிஸ்க், அதன் இரு பக்கமும் இரண்டு பேட். பிஸ்டன் உள்பக்கத்து பேட்டைத் தள்ளும். உடனே கெலிப்பர் இரண்டு பின்களில் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கத்து பேட்டையும் டிஸ்கோடு இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் துரு ஏறி இறுகிவிட்டால் கெலிப்பர் நகராது, உள் பேட் மட்டும் தனியாக உழைக்கும். ஆகவே ஒரே சக்கரத்தில் உள் பேட் மெலிந்து வெளி பேட் தடித்திருந்தால், பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் ஆப்பு மாதிரியும் தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கலாம், அல்லது பேட் தன் இடத்தில் சிக்கியிருக்கலாம்.

இடதும் வலதும் வித்தியாசமாகத் தேய்ந்திருந்தால் இரண்டு சாத்தியம். தேய்ந்த பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், இல்லாவிட்டால் தேயாத பக்கம் வேலையே செய்யாமல் இருக்கலாம். பின்னது இன்னும் மோசம், ஆனால் தடித்த பேட்டைப் பார்த்து “இது நல்லாருக்கு” என்று சொல்லிவிடுவோம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஒரு ரிம் மட்டும் சுடுகிறதா என்று கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள் (டிஸ்கைத் தொடாதீங்க). பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். சக்கரம் இறுகி நின்றால், பாஸிடம் காற்று எடுக்கும் நட்டைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் ஒயில் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஹோஸ் உள்ளுக்குள் சிதைந்திருக்கலாம். விடுபடாவிட்டால் பிஸ்டனையும் பின்களையும் பார்க்க வேண்டும்.

விடாமல் பிடிக்கிற சக்கரம் பெற்றோலை மட்டும் தின்பதில்லை, சூட்டையும் சேர்க்கிறது. பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கலாம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், வருஷக்கணக்காக மாற்றாத ஒயிலோடு, ஒரு சக்கரம் இறுகிய நிலையில் நீண்ட இறக்கம் இறங்கினால் ஒயில் கொதித்து ஆவியாகும். பெடல் தரை வரை போகும். மறுநாள் செய்தியில் “திடீரென பிரேக் செயலிழந்தது” என்று வரும். அதில் என்ன திடீர்? அந்த பேட் பல மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

“டிரைவர் கவனமா ஓட்டணும்” என்பார்கள். உண்மைதான், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் டிரைவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருஷமாகப் பழைய வாகனங்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். 2008 முதல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே பார்ப்பது புகையை மட்டும். காற்றுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சோதனை வைக்கிற நாட்டில், பிள்ளைகளை ஏற்றுகிற வாகனத்தின் சக்கரத்தைக் கழற்றி பேட்டை அளப்பது ஏன் அதே மாதிரி கட்டாயமாகக் கூடாது?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மெக்கானிக் வேலை பழகுகிற தம்பிமார் இருக்கிறார்கள். ஸ்கூல் வான் வைத்திருக்கும் அண்ணன்மாரோடு பேசி, தவணை லீவுக்கு ஒருமுறை நான்கு சக்கரத்தையும் கழற்றி அளந்து பார்க்கலாம். புது பேட் சுமார் 10 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும், 3-க்கு வந்தால் மாற்ற வேண்டும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பின்களைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் பூசி, கிழிந்த இறப்பர் உறையைப் புதுசாக்க வேண்டும். ஒரு நாள் வேலை.

அடுத்த முறை கராஜுக்குப் போனால் பழைய பேட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சமமாகத் தேய்ந்திருக்காவிட்டால், காசு கொடுக்க முன் “ஏன்?” என்று கேளுங்கள். நல்ல பாஸ் கோபப்பட மாட்டார், காரணத்தைக் காட்டுவார்.