ஓய்வு யாருக்கு?

தமிழக அரசு ஊழியர்கள் ஓய்வு பெறும் வயது 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் அது 60 ஆக உயர்ந்தது. கொரோனாவால் அரசின் வருவாய் குறைந்திருந்த காலம் அது. ஓய்வு பெறுவோருக்கு மொத்தமாகத் தரவேண்டிய பணிக்கொடை போன்ற தொகைகளைத் தள்ளிப்போட அரசுக்கு இது வழி செய்தது. அனுபவமுள்ளவர்கள் இன்னும் சில காலம் பணியாற்றுவது நல்லதே என்றனர் சிலர். தேர்வு எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகள் என்னாவது என்று கேட்டனர் வேறு சிலர். இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு.

ஆனால் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரை சென்று பார்த்தால், இந்த விவாதத்திற்குள் வராத மக்களையே அதிகமாகக் காண்கிறோம். அதிகாலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. அதைப் பறிக்க நாள் முழுதும் குனிந்தும் குத்தவைத்தும் வேலை செய்யவேண்டும். இவர்களை 'இன்றோடு ஓய்வு பெறுகிறீர்கள்' என்று யாரும் மாலை போட்டு அனுப்புவதில்லை. முழங்கால் மறுக்கும் நாளே இவர்களுக்கு ஓய்வு நாள்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் 58 வயதில் கிடைக்கும். 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆனால் அதைப் பெற 10 ஆண்டு பணிப் பதிவு வேண்டும். இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம் என்று கூலிக்குப் போகிறவருக்கு அந்தப் பதிவு எங்கே இருக்கும்? மிஞ்சுவது அரசின் முதியோர் உதவித்தொகை. அது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டும், 60 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

மலையைக் கடந்தால் கேரளத்தில், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 56. வயது வரம்பு என்பது மனிதர் வகுத்ததே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்படியானால் மனிதரின் உடலைப் பார்த்து அதை வகுக்கலாமே! நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு 60 வயது பெரிதல்ல. மலைச்சரிவில் குனிந்து செய்யும் வேலைக்கு 55 வயதே அதிகம்.

முதுமைக்கால ஓய்வூதியம் தொழிலாளரின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-ல் தம் சுற்றுமடலில் எழுதினார். உரிமை என்றால் அது சிலருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

எனவே ஓய்வு வயதை உயர்த்தும் பேச்சு இனி எழும்போது, உடலுழைப்புத் தொழிலாளருக்கு அந்த வயதைக் குறைக்கவேண்டும் என்று நாமும் சேர்த்துக் கேட்போம். அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். நம் பங்கில் 60 வயது கடந்தும் உதவித்தொகை பெறாதவர் யார் என்று விசாரிப்போம். பிறந்த தேதி தெரியாமல் தவிப்பவருக்குத் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்வோம். வட்டாட்சியர் அலுவலகத்திற்குத் துணையாகச் செல்வோம். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயைப் பறித்த கைகளுக்கு நாம் பட்ட கடன் இது.